மலைத் தோட்டங்களில் வீட்டு வசதி: அரசு நிதியின் பங்கு

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றையும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று வகுத்துள்ளோம். இவற்றுள் முதல் இரண்டையும் அன்றாட ஊதியத்திலிருந்து ஓரளவு பெற்றுவிட முடிகிறது. வீடோ பல ஆண்டுகளின் வருவாயை ஒரே நேரத்தில் விழுங்கும் பொருள். கூலி வேலை செய்யும் குடும்பத்திடம் அத்தகைய சேமிப்பு இருப்பதில்லை; அடமானம் வைக்க நிலம் இல்லாததால் வங்கிக் கடனும் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே குறைந்த வருவாயினருக்கான வீடுகளை அரசே நிதியளித்துக் கட்ட வேண்டுமா, எந்த அளவிற்குக் கட்ட வேண்டும் என்னும் வினா திட்டமிடுதலின் தொடக்கக் காலந்தொட்டு இருந்து வருகிறது. இவ்வினாவைப் பொதுவாக ஆராய்வதைவிட ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயனுடையது. கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்நாட்டை ஒட்டியுள்ள பகுதிகள் இதற்குப் பொருத்தமான களமாகும்.

எல்லைப் பகுதியின் இயல்பு

1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் உருவாவதற்கு முன் இப்பகுதிகள் மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்தன. தேவிகுளம், பீர்மேடு ஆகியவை திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. சித்தூர் வட்டம் கொச்சியைச் சேர்ந்தது. பாலக்காடும் அட்டப்பாடியும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று.

இடுக்கியின் உயர்நிலங்களில் தேயிலையும் ஏலமும், பாலக்காட்டின் நெல்லியாம்பதியில் தேயிலை, காப்பி, ஏலம் ஆகியவையும் பயிராகின்றன. பூஞ்சாற்று அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ 1877இல் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றதிலிருந்து மூணாறு வட்டாரத்தின் தோட்ட வரலாறு தொடங்குகிறது. காடு திருத்தவும் கொழுந்து பறிக்கவும் வேண்டிய ஆட்களைக் கங்காணிகள் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து அழைத்து வந்தனர். அவர்களின் வழித்தோன்றல்களே இன்றும் அத்தோட்டத் தொழிலாளரில் பெரும் பகுதியினர். பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊராட்சிகளில் தமிழ் பேசும் உழவுத் தொழிலாளர் மிகுதி. வடக்கே அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். ஒரே எல்லைப் பகுதி எனினும் தோட்டம், வயல், பழங்குடி ஊர், தொழிற்பேட்டை என்று நான்கு வகையான வீட்டுப் பிரச்சினைகள் இங்கே காணப்படுகின்றன.

லயமும் சட்டமும்

தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்துப் பல குடும்பங்கள். ஒவ்வொன்றிற்கும் ஓர் அறை, ஒரு சமையலிடம், முன்புறத் தாழ்வாரம் என்பதே பழைய லயங்களின் பொதுவான அமைப்பு. இவற்றுள் பல விடுதலைக்கு முன் கட்டப்பட்டவை.

தொழிலாளருக்கும் அவர் குடும்பத்தினருக்கும் தேவையான வீடுகளைக் கட்டித்தந்து பராமரிப்பது முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 15ஆம் பிரிவு விதித்தது. முதலாளி கொடுத்த வீடு இடிந்து உயிரிழப்போ காயமோ நேர்ந்தால் அவர் இழப்பீடு தர வேண்டும் என்று 1981ஆம் ஆண்டின் திருத்தம் கூறியது. குடியிருப்போரின் தவறாலோ இயற்கைச் சீற்றத்தாலோ வீடு இடிந்தால் இப்பொறுப்பு இல்லை என்பது அதன் விலக்கு. பின்னர் இச்சட்டம் 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டத்தில் இணைக்கப்பட்டது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டு வசதி முதலாளியின் பொறுப்பு என்பதைப் புதிய சட்டமும் ஏற்கிறது. ஆனால் அவ்வசதியை அவர் தம் சொந்த நிதியிலிருந்தோ, மைய, மாநில அரசுகள் அல்லது உள்ளாட்சிகளின் திட்டங்கள் வாயிலாகவோ செய்து தரலாம் என்று இடம் அளிக்கிறது. இம்மாற்றம் சிறிதன்று. முதலாளியின் செலவாக மட்டுமே இருந்த ஒன்று பொது நிதியின் வாயிலுக்கு வந்து நிற்கிறது.

லயத்தின் பொருளாதார இயல்பை இங்கே கவனிக்க வேண்டும். அது வேலையோடு பிணைந்த வீடு. வாடகை இல்லை என்பதால் அது ஊதியத்தின் ஒரு பகுதியாகவே கணக்கிடப்படுகிறது. வேலை முடிந்தால் வீடும் போய்விடும். முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெறும் தொழிலாளிக்கு ஓய்வுத் தொகை கிடைக்கும் நாளும் குடியிருக்கும் அறையைக் காலி செய்ய வேண்டிய நாளும் ஒன்றாக வருகின்றன. அறையை விடாமல் இருக்க வேண்டுமானால் மகனோ மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்துகொள்ள வேண்டும். இவ்வாறு வீடு அடுத்த தலைமுறையின் தொழிலையும் தீர்மானித்துவிடுகிறது. தொழிலாளர் ஓரிடத்திலிருந்து வேறிடம் சென்று கூடுதல் ஊதியம் தேடும் உரிமை ஏட்டில் இருந்தாலும் நடைமுறையில் குறுகிவிடுகிறது. தோட்டம் நலிந்து மூடப்பட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். பராமரிக்க வேண்டியவர் விலகிச் செல்ல, போக்கிடமற்ற குடும்பங்கள் ஒழுகும் கூரையின் கீழேயே தங்கிவிடுகின்றன.

நிலச் சீர்திருத்தம் இக்குறையைப் போக்கியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். 1970 ஜனவரி 1 முதல் செயல்பட்ட கேரள நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தோருக்கு ஊராட்சிப் பகுதிகளில் 10 சென்ட் வரை நிலத்தை வாங்கிக்கொள்ளும் உரிமையை வழங்கியது. கேரளத்தின் நாட்டுப்புறக் குடும்பங்கள் பல வீட்டு மனைக்கு உரிமை பெற்றது இதனால்தான். ஆனால் தோட்டப் பயிர் நிலங்கள் நில உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்றன. லயங்களில் வாழ்ந்தோர் இச்சீர்திருத்தத்தின் பயனுக்கு வெளியே நின்றனர். 1971ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தின்படி சாகுபடியில் இல்லாத நிலங்களை அரசு திரும்பப் பெற்றது. எனினும் அந்நிலம் பெருமளவில் தொழிலாளரின் வீட்டு மனையாக மாறவில்லை.

பெட்டிமுடி தரும் பாடம்

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாறையடுத்த இராஜமலைப் பகுதியில் பெட்டிமுடியில் நிலச்சரிவு ஏற்பட்டு லயங்கள் மண்ணுள் புதைந்தன. 70 பேர் மாண்டனர். 66 உடல்கள் மட்டுமே கிடைத்தன. மாண்டோரில் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்ததால் செய்தி வெளியுலகை எட்டவே மறுநாள் காலை ஆயிற்று.

எஞ்சிய குடும்பங்களுள் எட்டுக்கு மூணாறையடுத்த குற்றியாறு பள்ளத்தாக்கில் அரசு மனை வழங்க, தோட்ட நிறுவனம் வீடு கட்டித் தந்தது. நிலம் அரசினுடையது, கட்டடம் நிறுவனத்தினுடையது, உரிமை குடும்பத்தினுடையது. பேரிடருக்குப் பின் சில மாதங்களில் சாத்தியமான இந்த ஏற்பாடு பேரிடருக்கு முன் பல பத்தாண்டுகளாகச் சாத்தியமாகவில்லை என்பது சிந்தனைக்குரியது. 2024 ஜூலை 30ஆம் நாள் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவிலும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் அழிந்தன. அங்கும் கல்பற்றாவில் தோட்ட நிலத்தை அரசு எடுத்துப் புதுக் குடியிருப்பு அமைக்க 2025 மார்ச் மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது.

இதிலிருந்து பெறப்படும் கருத்து ஒன்று உண்டு. வீட்டிற்கு முன்கூட்டிச் செலவிடாத அரசு பின்னர் மீட்புப் பணிக்கும் நிவாரணத்திற்கும் மறுவாழ்விற்கும் செலவிட்டே ஆக வேண்டும். செலவு தவிர்க்கப்படுவதில்லை, தள்ளிவைக்கப்படுகிறது. அதற்குள் இழக்கப்படும் உயிர்களுக்கோ எந்தக் கணக்கிலும் ஈடு இல்லை.

லட்சம் வீட்டிலிருந்து லைஃப் வரை

அரசு நிதியில் வீடு கட்டுவது கேரளத்திற்குப் புதிதன்று. நிலமற்ற நாட்டுப்புறத் தொழிலாளருக்கு வீட்டு மனை வழங்கும் மைய அரசின் திட்டம் 1971 அக்டோபரில் தொடங்கிற்று. அதனைப் பயன்படுத்திக்கொண்டு, முதலமைச்சர் சி. அச்சுத மேனனின் ஆட்சியில், வீட்டு வசதித் துறை அமைச்சர் எம். என். கோவிந்தன் நாயரின் முயற்சியால் 1972இல் லட்சம் வீடு திட்டம் வகுக்கப்பட்டது. ஊராட்சிக்கு நூறு வீடுகள் என்பது இலக்கு. மைய அரசின் மனை நிதி, மாநில அரசின் உதவி, மக்களின் நன்கொடை, மாணவர், இளைஞரின் உடலுழைப்பு ஆகிய அனைத்தும் ஒன்று சேர்ந்தன. ஒரு லட்சம் என்னும் இலக்கு எட்டப்படவில்லையாயினும், கட்டப்பட்ட பல்லாயிரம் வீடுகள் ஏழைக்கு உரிமையுள்ள வீடு என்னும் கருத்தை நிலைநாட்டின.

அத்திட்டத்தின் குறைகளும் படிப்பினைக்குரியவை. செலவைக் குறைப்பதற்காக இரண்டு குடும்பங்களுக்கு நடுச்சுவர் ஒன்றே பொதுவாக அமையும் இரட்டை வீடுகள் கட்டப்பட்டன. குடும்பம் பெருகியபோது விரிவாக்க இடமில்லை. ஒருவர் சுவரை இடித்துக் கட்ட மற்றவர் இசைய வேண்டும். இவ்விரட்டை வீடுகளைப் பிரித்து ஒற்றை வீடுகளாக்குவதற்குப் பிற்காலத்தில் அரசு மீண்டும் செலவிட நேர்ந்தது. தொடக்கத்தில் மிச்சப்படுத்தியது முடிவில் மிச்சமாகவில்லை.

மைய அரசு வகையில் 1952இல் தொழிலாளருக்கான மானிய வீட்டுத் திட்டமும், 1956இல் தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கு முதலாளிகளுக்குக் கடன் அளிக்கும் திட்டமும் வந்தன. பின்னதில் பிற்பாடு மானியமும் சேர்க்கப்பட்டது. 1970இல் வீட்டு வசதி, நகர்ப்புற வளர்ச்சிக் கழகமான ஹட்கோ நிறுவப்பட்டது. 1985-86இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் தொடங்கிற்று. 2016 முதல் அதன் இடத்தில் பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் செயல்படுகிறது. மாநில அரசு 2016-17இல் லைஃப் இயக்கத்தைத் தொடங்கியது. பாதியில் நின்ற வீடுகளை முடித்தல், மனை உள்ளோருக்கு வீடு, மனையும் வீடும் இல்லாதோருக்குக் குடியிருப்பு என மூன்று கட்டங்களாக அது வகுக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டிற்குள் நான்கு லட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகள் இதன் கீழ் முடிக்கப்பட்டன.

எதிர்வாதங்கள்

அரசு நிதியளிப்பதை எதிர்ப்போரின் வாதங்களையும் நடுநிலையோடு நோக்க வேண்டும்.

முதலாவது, சட்டப்படி முதலாளி செய்ய வேண்டியதை அரசு செய்தால் அது தொழிலாளருக்கு அளிக்கும் உதவியாகாமல் தோட்ட உரிமையாளருக்கு அளிக்கும் மானியமாகிவிடும். இவ்வாதத்தில் வலு உண்டு. எனினும் முதலாளி கட்டும் வீடு எந்நாளும் வேலையோடு பிணைந்த வீடாகவே இருக்கும். ஓய்வு பெற்றவருக்கு வீடு வழங்கும் கடமை எந்த முதலாளிக்கும் இல்லை. ஆகவே பணிக்கால வீடு முதலாளியின் பொறுப்பு, வாழ்நாள் வீடு சமுதாயத்தின் பொறுப்பு என்று பிரித்துப் பார்ப்பதே முறை.

இரண்டாவது, அரசின் வருவாய் வரம்புடையது; வீட்டிற்குச் செலவிடும் பணம் கல்விக்கும் மருத்துவத்திற்கும் குறையும் என்பர். இது உண்மையே. ஆனால் ஓரறை லயத்தில் படிக்க இடமில்லாத குழந்தைக்குப் பள்ளிச் செலவின் முழுப் பயனும் கிட்டுவதில்லை. ஈரமும் புகையும் நிறைந்த அறையில் வாழ்வோருக்கு மருந்துச் செலவு ஓய்வதில்லை. வீட்டுச் செலவு இவற்றோடு போட்டியிடும் அதே வேளையில் இவற்றுக்குத் துணையாகவும் அமைகிறது. மேலும் கட்டட வேலை உள்ளூர்க் கொத்தனாருக்கும் தச்சருக்கும் கூலியாளுக்கும் வேலை தருகிறது.

மூன்றாவது, பணம் மிகுந்தால் செங்கல், மணல், சிமெண்ட் ஆகியவற்றின் விலை ஏறிவிடும். வீடுகளின் எண்ணிக்கை அந்த அளவிற்கு உயராது என்பர். வளைகுடா வருவாயால் கட்டடப் பொருள்களின் விலை உயர்ந்த அனுபவம் கேரளத்திற்கு உண்டு. இதற்கு விடை நிதியைக் குறைப்பதில் இல்லை. கட்டும் முறையை மாற்றுவதில் உள்ளது. லாரி பேக்கர் எலிப்பொறிக் கட்டு எனப்படும் இடைவெளிச் சுவர், ஓடுகளை இடையிட்டு வார்க்கும் கூரை முதலிய முறைகளால் செங்கல், சிமெண்ட், இரும்பு ஆகியவற்றின் அளவைக் குறைத்துக் காட்டினார். அவரும் பொருளியல் அறிஞர் கே. என். ராஜும் அச்சுத மேனனும் இணைந்து 1985இல் உருவாக்கிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் இம்முறைகளைப் பரப்பிற்று.

நிதிச் சுமையைப் பகிர்தல்

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைச் சில எண்கள் விளக்கும். பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டிற்கான உதவி ரூ. 1,20,000, மைய, மாநிலப் பங்கு 60:40. ஆகவே மைய அரசின் பங்கு ரூ. 72,000. லைஃப் இயக்கத்தில் பொதுவாக வீடொன்றுக்கு வழங்கப்படும் தொகை ரூ. 4,00,000. இதில் மையப் பங்கு 18 விழுக்காடு. எஞ்சிய ரூ. 3,28,000ஐ மாநில அரசும் உள்ளாட்சிகளும் ஏற்க வேண்டும். அதன் ஒரு பகுதி ஹட்கோவிடம் பெறும் கடனாகும். மலைச்சரிவில் தாங்குசுவர் எழுப்பவும் பொருள்களைச் சுமந்து செல்லவும் ஆகும் கூடுதல் செலவை இக்கணக்கு முழுமையாக ஈடு செய்வதில்லை.

2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர் தாமே திரண்டு நடத்திய பெண்கள் ஒற்றுமைப் போராட்டம் ஊதியம், போனஸ் ஆகியவற்றோடு லயங்களின் நிலையையும் நாட்டின் பார்வைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் தோட்டத் துறையை ஆராய நீதிபதி என். கிருஷ்ணன் நாயர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2018இல் மாநில அரசு தோட்ட வரியை நீக்க முடிவு செய்தபோது, 32,591 தொழிலாளருக்கு லைஃப் இயக்கத்தின் வாயிலாக வீடு கட்டும் முடிவையும் அறிவித்தது. நிலத்தைத் தோட்ட உரிமையாளர் இலவசமாகத் தர வேண்டும். செலவில் பாதியை அரசு ஏற்கும். மறுபாதியை உரிமையாளர் ஏழு ஆண்டுத் தவணைகளில் வட்டியின்றிச் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம்.

வீடொன்றுக்கு ரூ. 4 லட்சம் என்று கொண்டால் மொத்தச் செலவு ஏறத்தாழ ரூ. 1,304 கோடி. அதில் பாதி ரூ. 652 கோடி, ஏழு தவணைகளில் ஆண்டிற்கு ரூ. 93 கோடி. ஒரு வீட்டிற்கு உரிமையாளர் செலுத்த வேண்டியது ஆண்டிற்கு ரூ. 28,571 மட்டுமே. ஆகவே தொகையைவிட நிலமே இங்கு முட்டுக்கட்டை என்பது தெளிவு. குத்தகை நிலத்தின் உரிமை பற்றி அரசிற்கும் நிறுவனங்களுக்கும் நெடுங்கால வழக்குகள் உள்ளன. உரிமை முடிவாகாத நிலத்தில் தொழிலாளருக்குப் பட்டயம் வழங்க முடியாது. பட்டயம் இல்லாத குடும்பம் மனை உள்ளோருக்கான வீட்டு உதவியைப் பெறுவது கடினம்.

எல்லைப் பகுதியின் பிற முயற்சிகள்

அடிமாலியையடுத்த மச்சிப்பிளாவில் தொழிலாளர் துறையின் பவனம் அறக்கட்டளை 217 அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. அவை பின்னர் லைஃப் இயக்கத்தின் கீழ் நிலமற்றோருக்கு ஒதுக்கப்பட்டன. அதே அறக்கட்டளை பாலக்காட்டின் கஞ்சிக்கோட்டில் பிற மாநிலத் தொழிலாளருக்காக 640 படுக்கைகள் கொண்ட 'அப்னா கர்' விடுதியை அமைக்க, அது 2019இல் திறக்கப்பட்டது. முன்னது நிலமற்ற குடும்பத்திற்கு. பின்னது குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவருக்கு. தேவை வேறு, விடையும் வேறு என்பதை இவை உணர்த்துகின்றன.

அட்டப்பாடியில் ஜப்பானியக் கடனுதவியோடு இயங்கிய மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கம் ஊர் வளர்ச்சிக் குழுக்களின் வாயிலாக வீடுகளைக் கட்டிற்று. கட்டப்போகும் வீட்டில் குடியிருப்பவர்களே குழுவில் இருந்ததால், வேலையின் தரத்தை அவர்களே கண்காணிக்க முடிந்தது. பழங்குடி ஊர்களில் ஒப்பந்தக்காரர் பாதியில் கைவிட்ட வீடுகள் பற்றிய குறை பரவலாக எழுவதை நோக்கும்போது, இம்முறையின் மதிப்பு புலனாகும்.

பிற நாடுகளின் அனுபவம்

இலங்கையின் மலையகத் தோட்டங்களும் அதே லய முறையைக் கொண்டவை. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தையையடுத்த மீரியபெத்தையில் நிலச்சரிவு லயங்களை மூடியது. இந்திய அரசின் உதவியில் மலையகத்தில் முதலில் 4,000 வீடுகளும், 2017இல் அறிவிக்கப்பட்டபடி மேலும் 10,000 வீடுகளும் கட்டத் திட்டமிடப்பட்டது. குடும்பத்திற்கு நிலம் ஒதுக்கித் தனி வீடு என்பது அங்குள்ள அடிப்படை. லயத்தைப் பழுதுபார்ப்பதா, தனி வீடு தருவதா என்னும் வினாவிற்கு அங்கே நிலத்தோடு கூடிய தனி வீடே விடையாக ஏற்கப்பட்டுள்ளது.

சிங்கப்பூர் 1960இல் வீட்டு வசதி வளர்ச்சிக் கழகத்தை நிறுவியது. 1966இல் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. 1968 முதல் தொழிலாளர் தம் வருங்கால வைப்பு நிதியைக் கொண்டு வீடு வாங்க இசைவளித்தது. நிலம், கட்டடம், சேமிப்பு ஆகிய மூன்றையும் அரசு ஒரு கயிற்றில் கோத்ததே அதன் வெற்றிக்குக் காரணம். கட்டடத்திற்கு மட்டும் நிதி ஒதுக்கி மற்ற இரண்டையும் விட்டிருந்தால் அப்பயன் கிடைத்திராது.

செய்ய வேண்டுவன

மேற்கண்டவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம்.

ஒன்று, குறைந்த வருவாயினரின் வீடுகளுக்கு அரசு நிதியளிப்பது தேவையானது. சந்தை இவர்களுக்கு வீடு தரவில்லை. முதலாளி தருவது பணிக்கால உறைவிடம் மட்டுமே. ஆயினும் அரசு நிதி முதலாளியின் சட்டக் கடமைக்கு மாற்றாக அமையாமல் அதற்கு மேற்பட்டதாக அமைய வேண்டும்.

இரண்டு, வீட்டிற்கு முன் மனை. ஓய்வு பெறுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒவ்வொரு தோட்டத் தொழிலாளிக்கும் மனை ஒதுக்கப்படுமானால், பணிக்கொடையையும் வைப்பு நிதியையும் அரசு உதவியோடு சேர்த்து அவர் வீடு கட்டிக்கொள்ள முடியும்.

மூன்று, மனை ஒதுக்கும் முன் நிலச்சரிவு ஆய்வு கட்டாயமாக வேண்டும். ஆபத்தான சரிவில் கட்டப்படும் புது வீடு பழைய லயத்தைவிடப் பாதுகாப்பானதன்று.

நான்கு, மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் வீட்டு உதவித் தொகை அங்குள்ள உண்மையான கட்டுமானச் செலவையொட்டி நிர்ணயிக்கப்பட வேண்டும்.

ஐந்து, விண்ணப்பமும் விதிகளும் மக்களின் மொழியில் இருக்க வேண்டும். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்துள்ளது. இவ்வுரிமை ஊராட்சி அலுவலகத்தின் விண்ணப்பப் படிவம் வரை வந்து சேர வேண்டும்.

கட்டி முடித்த வீடுகளின் எண்ணிக்கையைக் கொண்டே திட்டத்தின் வெற்றியை அளவிடுவது வழக்கமாக உள்ளது. மலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை அதைவிடச் சரியான அளவுகோல் ஒன்று உண்டு. இவ்வாண்டு பணி ஓய்வு பெற்ற தொழிலாளருள் எத்தனை பேருக்குச் சொந்தக் கூரை இருந்தது என்பதே அது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஆண்டுதோறும் இக்கணக்கை எடுத்து வெளியிடுவதற்குப் பெரும் செலவு ஆகாது. அரசு நிதி எங்கே செல்ல வேண்டும் என்பதை அக்கணக்கே காட்டிவிடும்.